மாட்டு வண்டிக்கு எட்டு மார்க்கு!

நம் நாட்டில் முச்சந்திக்கும் நாற்சந்திக்கும் எப்போதுமே ஒரு தனி மரியாதை உண்டு. திருஷ்டி சுற்றிய பூசணிக்காயைக் கொண்டுபோய் உடைப்பது அங்கேதான். பிள்ளையார் உட்கார்ந்து ஊரைக் காவல் காப்பதும் அங்கேதான். ஒருவருடைய மானம் போய்விட்டால், "சந்தி சிரித்துவிட்டது" என்று சொல்கிறோம். இப்போதோ சந்தி சிரிப்பதில்லை. ஓயாமல் ஹாரன் அடிக்கிறது.

எந்தச் சந்தி என்று கேட்கிறீர்களா? சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்தச் சந்தியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். (ஜி.எஸ்.டி. என்றவுடன் வரி கட்டச் சொல்கிறார்களோ என்று பயப்பட வேண்டாம். வரி வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்ட ரோடு இது. முழுப் பெயர் கிராண்ட் ஸதர்ன் டிரங்க் ரோடு.) கத்திப்பாரா, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், இரும்புலியூர், பெருங்களத்தூர், வண்டலூர் என்று மணி மாலை போல வரிசையாகக் கோத்திருக்கின்றன. சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த மாலையை ஒரு முறை ஜபித்து முடித்தால், பொறுமை என்ற குணம் தானாக வந்துவிடும்.

தாம்பரம் ஒரு காலத்தில் எப்படி இருந்தது தெரியுமா? 1928-ஆம் வருஷம் டாக்டர் டேவிட் சவுரிமுத்து என்பவர் காச நோய்க்காரர்களுக்கு ஓர் ஆரோக்கிய நிலையம் கட்டுவதற்கு இந்தப் பக்கத்தில்தான் இடம் தேர்ந்தெடுத்தார். திறந்த வெளியும் சுத்தமான காற்றும்தான் அப்போது அந்த நோய்க்கு மருந்து. நுரையீரல் கெட்டவர்கள் மூச்சு விடுவதற்கென்று வந்த ஊர் அது! "தாம்பரம் சானடோரியம்" என்ற ரயில் ஸ்டேஷன் பெயர் இன்றைக்கும் அதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. இப்போது அதே ஸ்டேஷனுக்கு வெளியே ரோட்டைக் கடக்க நிற்கிறவர் புடைவைத் தலைப்பாலோ கைக்குட்டையாலோ மூக்கை மூடிக்கொண்டு நிற்கிறார்.

ஊர் வளர்ந்தது, குற்றமில்லை. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டு இங்கே குடியேறியது. 1984-ல் ஏற்றுமதித் தொழிற்பேட்டை ஏற்பட்டது. 2021-ல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி என்று 70 வார்டுகளோடு பெரிய மனிதராகிவிட்டது. ஆனால் மேற்கே முடிச்சூர் ரோட்டில் வருகிறவரும், கிழக்கே வேளச்சேரி ரோட்டில் வந்து ரயில் பாதையைத் தாண்டுகிறவரும், தெற்கு வடக்காகப் பாயும் ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் வந்து விழவேண்டும். வீடு எவ்வளவு பெரிதானாலும் வாசற்படி ஒன்றுதான் என்றால் என்ன ஆகும்?

முப்பத்திரண்டு மோதல்

இம்மாதிரி இடங்களுக்கு நிபுணர்கள் எப்படித் திட்டம் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை உண்டாயிற்று. நெடுஞ்சாலை வேலையில் தலை நரைத்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரைப் பிடித்தேன். அவர் ஒரு காகிதத்தில் இரண்டு ரோடுகளைக் கூட்டல் குறி மாதிரி வரைந்தார். நாலு பக்கத்திலிருந்தும் வருகிற வண்டிகள் நேராகவும், இடப்புறமும், வலப்புறமும் போகிற பாதைகளைக் கோடு இழுத்தார். கோடுகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் எல்லாம் புள்ளி வைத்தார்.

"எண்ணுங்கள் ஸார்!" என்றார்.

எண்ணினேன். 32 புள்ளிகள்! அதில் 16 இடங்களில் ஒருவர் பாதையை இன்னொருவர் வெட்டுகிறார். 8 இடங்களில் இருவர் ஒன்றாகச் சேருகிறார்கள். 8 இடங்களில் பிரிகிறார்கள்.

"இதுதான் சாதாரண நாற்சந்தி. மூன்று ரோடு சேரும் முச்சந்தியில் இந்தப் புள்ளிகள் 9 தான். நாற்சந்திக்கு நடுவே ஒரு ரவுண்டானா கட்டினால் 32 என்பது 8 ஆகிவிடும். எங்கள் வேலையெல்லாம் இந்தப் புள்ளிகளைக் குறைப்பதுதான்" என்றார் நண்பர்.

"அப்படியானால் எல்லா இடத்திலும் ரவுண்டானா கட்டிவிடலாமே?"

"மணிக்கு 3,000 வண்டி வரையில்தான் அது தாங்கும் என்று இந்திய ரோடு காங்கிரஸின் விதிப் புத்தகம் சொல்கிறது. அதற்கு மேலே போனால் ரவுண்டானாவே செக்கு மாதிரி ஆகிவிடும். சுற்றத் தொடங்கியவர் வெளியே வர முடியாது."

அடுத்தபடி, சிக்னல். உலகத்தின் முதல் போக்குவரத்து சிக்னல் விளக்கு 1868 டிசம்பரில் லண்டனில் பார்லிமெண்டுக்கு அருகே வைக்கப்பட்டது. காஸ் விளக்கு. ஒரு மாதத்துக்குள் அது வெடித்து, பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைக் காயப்படுத்திவிட்டது. அப்புறம் 1914-ல் அமெரிக்காவில் கிளீவ்லண்டு நகரத்தில் மின்சார சிக்னல் வந்தது. இன்று சிக்னல் வெடிப்பதில்லை. அதன் முன்னே காத்திருப்பவர்கள்தான் வெடிக்கிறார்கள்.

நாலு பந்திக் கணக்கு

"பச்சை விளக்கை இன்னும் கொஞ்ச நேரம் எரியவிட்டால் என்ன?" என்று நான் கேட்டேன். இந்தக் கேள்வியை நீங்களும் எத்தனையோ முறை உங்களுக்குள் கேட்டிருப்பீர்கள்.

நண்பர் சிரித்தார். "ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள் ஸார். சாப்பாட்டுக் கூடம் ஒன்று. விருந்தாளிகள் நாலு கூட்டம். ஒவ்வொரு கூட்டமாகத்தான் உட்கார வைக்க முடியும். ஒரு பந்தி எழுந்ததும் இலை எடுத்து, மேஜை துடைத்து, அடுத்த இலை போட வேண்டும். பந்தியை அவசர அவசரமாக முடித்தால், இலை எடுப்பதிலேயே பொழுது போய்விடும். நிதானமாக நடத்தினால், நாலாவது பந்திக்காரர் பசியில் மயங்கி விழுவார். சிக்னலும் இதேதான். மஞ்சள் விளக்கு எரியும் நேரமும் வண்டிகள் கிளம்பும் நேரமும் இலை எடுக்கிற நேரம்."

இதற்கு 1958-ல் வெப்ஸ்டர் என்ற ஆங்கிலேய நிபுணர் ஒரு கணக்குக் கண்டுபிடித்தார். உலகம் பூராவும் இன்றைக்கும் அதைத்தான் பாடமாக வைத்திருக்கிறார்கள். நண்பர் அதைப் போட்டுக் காட்டினார். ஒரு சுற்றுக்கு 16 வினாடி இலை எடுப்பதில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தியின் கொள்ளளவில் பத்தில் எட்டுப் பங்கு நிரம்பியிருந்தால், நாலு பக்கமும் ஒரு சுற்று வருவதற்குப் பொருத்தமான நேரம் 145 வினாடி. பத்தில் ஒன்பது பங்கு நிரம்பினால்? 290 வினாடி! கூட்டம் ஒரே ஒரு பங்குதான் கூடிற்று. சுற்றோ இரண்டு மடங்காயிற்று. பத்தும் நிரம்பினால், கணக்குக்கு விடையே கிடையாது.

நேற்று வரை சுமாராக இருந்த சந்தி, பக்கத்தில் ஒரு புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தவுடன் திடீரென்று பைத்தியம் பிடித்தது போல் ஆவது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

சிக்னலும் தாங்காவிட்டால் மேம்பாலம். நாலு பக்கமும் சேர்ந்து மணிக்கு 10,000 "கார் அலகு"க்கு மேல் போனால், ஒரு ரோட்டை இன்னொரு ரோட்டுக்கு மேலே தூக்கிவிடலாம் என்பது விதி. கத்திப்பாராவில் 2008-ல் திறந்தார்களே, அது இந்த வகையில் ராஜா. மேலே ஆகாய விமானத்திலிருந்து பார்த்தால் ஆரைக் கீரையின் நாலு இலை மாதிரி இருக்கும். 1929-ல் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியில் முதன் முதலாகக் கட்டிய தினுசு. அண்ணா சாலை, ஜி.எஸ்.டி. ரோடு, பூந்தமல்லி ரோடு, உள்வட்டச் சாலை நாலும் அங்கே சந்திக்கின்றன. வலப்புறம் போக வேண்டியவர் இடப்புறமாகவே ஒரு முக்கால் வட்டம் அடித்துப் போகலாம். ஒருவரும் ஒருவரை வெட்ட வேண்டியதில்லை. சேருவதும் பிரிவதும் மாத்திரம் மிச்சம்.

ஏரி நிறைந்தால்...

இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கட்டியும் நெரிசல் ஏன் தீரவில்லை?

இதற்குப் பதில் சொல்ல அமெரிக்காவுக்குப் போகவேண்டாம். செங்கற்பட்டுச் சீமை ஏரிகளுக்குப் பேர் போனது. பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் எல்லாம் ஏரியுள்ள ஊர்கள்தாம். மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குத் தண்ணீர் போகும். மேல் ஏரிக்காரன் தன் கரையைக் காப்பாற்றிக்கொள்ள மதகை முழுதும் திறந்துவிட்டால், கீழ் ஏரிக்காரன் தலையில் வெள்ளம். இந்தச் சங்கதி நம் பாட்டனார்களுக்குத் தெரியும்.

மேம்பாலம் என்பதும் ஒரு மதகுதான். கத்திப்பாராவில் திறந்துவிட்ட வெள்ளம் பல்லாவரத்தில் வந்து தேங்கியது. 2020-ல் பல்லாவரத்தில் ஒரு திசைக்கு மட்டும் ஒரு மேம்பாலம் கட்டித் திறந்தார்கள். அதே வருஷம் வண்டலூரிலும் ஒன்று திறந்தார்கள். வேளச்சேரி ரோட்டில் மேடவாக்கம் சந்தியைத் தாண்ட 2022-ல் சுமார் 2 கிலோ மீட்டர் நீளத்துக்குப் பாலம் போட்டார்கள். ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தில் நல்ல காரியம்தான். ஆனால் வெள்ளம் வற்றிப் போகவில்லை. அடுத்த ஏரிக்குப் போயிற்று.

போதாக்குறைக்கு, அகலமான ரோட்டைக் கண்டால் புது வண்டிகளும் வந்துவிடுகின்றன. நேற்று வரை ரயிலில் போனவர், "பாலம் வந்துவிட்டதே!" என்று மோட்டார் சைக்கிள் வாங்குகிறார். 1962-லேயே ஆந்தொனி டவுன்ஸ் என்ற அமெரிக்கர் இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார். ரோடு எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவுக்கு நெரிசலும் வளர்ந்து அதை நிரப்பிவிடும் என்பது அதன் சாரம்.

ஏரி நிறையாமல் இருக்க வேண்டுமானால், மழை நீரை வேறு கால்வாயில் திருப்ப வேண்டும். இதையும் செய்து பார்த்தார்கள். பெருங்களத்தூர்ப் பக்கத்திலிருந்து மதுரவாயல் வழியாகப் புழல் வரை 32 கிலோ மீட்டர் புறவழிச் சாலை வந்தது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 60 கிலோ மீட்டருக்கு வெளிவட்டச் சாலை 2014-ல் பாதியும் 2021-ல் மீதியுமாகத் திறந்தது. லாரிகளுக்கு இது பெரிய சௌகரியம். பட்டணத்துக்குள் நுழையாமலே போகலாம். ஆனால் புறவழிச் சாலை தொடங்குவதும் ஜி.எஸ்.டி. ரோட்டில்! வெளிவட்டச் சாலை தொடங்குவதும் ஜி.எஸ்.டி. ரோட்டில்! கால்வாய் வெட்டினார்கள், வாய் மட்டும் பழைய ஏரிக்குள்ளேயே இருக்கிறது.

பெருங்களத்தூர் கதையை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. கோயம்பேட்டில் பஸ் நிலையம் 2002-ல் வந்தது. தெற்கே போகும் பஸ்கள் அங்கே கிளம்பி, நகரத்தைச் சுற்றிக்கொண்டு பெருங்களத்தூரைத் தாண்டித்தான் போகும். தாம்பரம் பக்கத்து ஜனங்கள் கோயம்பேடு வரை ஏன் திரும்பிப் போக வேண்டும்? பெருங்களத்தூரிலேயே நின்று ஏறிக்கொள்வார்கள். தீபாவளி, பொங்கல் வந்துவிட்டால், திருச்சி, மதுரை, திருநெல்வேலிக்குப் போகிற கூட்டமெல்லாம் மூட்டை முடிச்சுகளோடு, கைக்குழந்தைகளோடு ரோட்டு ஓரத்தில். பஸ் ஒன்று நின்றால் பின்னால் ஐம்பது வண்டி நிற்கும். ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் பாதியை ஜனங்கள் அங்கேயே செலவழித்துவிடுவார்கள்.

2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் புதிய பஸ் நிலையம் திறந்தார்கள். நோக்கம் சரியானது: வெளியூர் பஸ்கள் நகரத்துக்குள் வராமல் வெளியிலேயே நிற்கட்டும் என்பது. ஆனால் திறந்த நாளில் அதன் வாசலில் ஒரு ரயில் ஸ்டேஷன் இல்லை. மயிலாப்பூர்க்காரரும் பெரம்பூர்க்காரரும் பெட்டி படுக்கையோடு அங்கே போய்ச் சேருவதே ஒரு தனிப் பிரயாணம் ஆயிற்று. விருந்தாளிகளை அழைத்துவிட்டு, அப்புறம் அடுப்பு மூட்டப் போவதுபோல!

இது யாருடைய தவறு? ஒரு சந்தியில் கை வைக்க வேண்டுமானால், நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், ரயில்வே, போலீஸ், மாநகராட்சி, பஸ் கழகம், மின்சார வாரியம், சி.எம்.டி.ஏ. ஆகிய இத்தனை சம்பந்திகளும் சம்மதிக்க வேண்டும். ரயில் பாதைக்கு மேலே பாலம் என்றால், தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதியை ரயில்வேயும், இரு புறத்துச் சாய்வை மாநில சர்க்காரும் கட்டுவது வழக்கம். ஒருவர் முடித்துவிட்டு இன்னொருவருக்காகக் காத்திருக்கும் அரைப் பாலங்களைப் புறநகர்வாசிகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். சம்பந்திகளை ஒரே பந்தலில் உட்கார வைக்கத்தான் 2010-ல் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் என்று ஒன்றுக்குச் சட்டம் போட்டார்கள். அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-ல். முகூர்த்தம் பார்ப்பதற்கே பன்னிரண்டு வருஷம்!

பூஜ்யம் யாருக்கு?

முன்னே "கார் அலகு" என்று ஒரு வார்த்தை சொன்னேன் அல்லவா? அதில்தான் விஷயமே இருக்கிறது. ரோட்டில் பல தினுசு வண்டிகள் போவதால் எல்லாவற்றையும் கார்க் கணக்காக மாற்றிக் கூட்டுகிறார்கள். கார் 1. சைக்கிளும் ஸ்கூட்டரும் அரை. பஸ், லாரி 3. கை வண்டி 3. குதிரை வண்டி 4. மாட்டு வண்டிக்கு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? எட்டு! மெதுவாகப் போய் ரோட்டை அடைத்துக்கொள்கிறதாம். அதனால் முதல் மார்க்கு அதற்குத்தான்.

"அது சரி, மாட்டு வண்டிக்காரர் வண்டியை விட்டு இறங்கி நடந்தால் அவருக்கு எத்தனை மார்க்கு?" என்று நண்பரைக் கேட்டேன்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நடக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு விதிப் புத்தகம் இருக்கிறது ஸார். ஆனால் இந்தக் கூட்டலில் அவருக்கு இடமில்லை" என்றார்.

அதாவது, பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்தின் விலையைப் பாருங்கள். எட்டு வழி ரோடு என்றால் குறைந்தது 28 மீட்டர். திடமான ஆள் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது கணக்கு. அவருக்கே 23 வினாடி வேண்டும். முழங்கால் வலிக்கிற பாட்டிக்கு 35 வினாடி ஆகும். அவளுக்குப் பச்சை விளக்கு அவ்வளவு நேரம் எரிகிறதா? "நடை மேம்பாலம் கட்டியிருக்கிறோமே!" என்பார்கள். கீழே லாரி போக ஐந்தரை மீட்டர் உயரம் விட வேண்டும். படி ஒன்றுக்கு 15 சென்டிமீட்டர் என்றால் 36, 37 படி ஏறி, அத்தனையும் இறங்க வேண்டும். காரில் உட்கார்ந்திருப்பவர் சமதரையில் போவதற்காக, காய்கறிப் பை தூக்கியவள் மலை ஏற வேண்டும் என்பது என்ன நியாயம்? அவள் ஏறமாட்டாள். நடுச் சுவரின் இடைவெளியில் புகுந்துதான் ஓடுவாள். 2022-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் ரோடு விபத்துக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17 ஆயிரத்துக்கும் மேல். அந்தப் பட்டியலில் இப்படி ஓடியவர்களும் இருக்கிறார்கள்.

வண்டிகளை எண்ணுவதை விட்டு ஆட்களை எண்ணினால் எல்லாமே தலைகீழாகிவிடும். பஸ்ஸுக்கு 3 மார்க்கு. ஆனால் அதில் 60 பேர். ஒரு மார்க்குக்கு 20 பேர் போகிறார்கள். காரில் இரண்டு பேர் போனால் ஒரு மார்க்குக்கு இரண்டு பேர்தான். அப்படியானால் பச்சை விளக்கு முதலில் யாருக்கு எரிய வேண்டும்? இன்னும் ஒன்று. நெரிசல் வேளையில் ஒரு மின்சார ரயிலில் 2,000 பேருக்கு மேல் போகிறார்கள். அவர்கள் அனைவரும் இரண்டிரண்டு பேராகக் காரில் கிளம்பினால் ஆயிரம் கார்! கொஞ்சமே இடைவெளி விட்டு நிறுத்தினாலும் 5, 6 கிலோ மீட்டர். தாம்பரத்திலிருந்து ஏறக்குறைய வண்டலூர் வரை வரிசை நிற்கும். மருந்து 1931-லிருந்தே ரோட்டுக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு மழையில் நனையாமல், உயிருக்குப் பயப்படாமல் நடந்து போக வழி இருந்தால், எத்தனையோ பேர் வண்டிச் சாவியை வீட்டு ஆணியிலேயே மாட்டி வைப்பார்கள்.

நம்மவர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் 1975-லேயே இதைப் புரிந்துகொண்டார்கள். காலை வேளையில் நகரத்தின் நடுப் பகுதிக்குள் காரில் வர வேண்டுமானால் கட்டணம். நாலு பேராக வந்தால் கட்டணம் கிடையாது. கார்க் கூட்டம் வெகுவாகக் குறைந்தது. நாம் உடனே கட்டணம் போட வேண்டும் என்று சொல்லவில்லை. பஸ்ஸும் ரயிலும் பெருகாமல் கட்டணம் மாத்திரம் போட்டால் ஜனங்கள் சும்மா இருக்கமாட்டார்கள், இருக்கவும் கூடாது. ஆனால் ஆட்களை எண்ணுவது எப்படி என்று அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு சுமார் 15 கிலோ மீட்டருக்கு மெட்ரோ ரயில் நீட்டும் திட்டம் இருக்கிறது. வரட்டும், சீக்கிரம் வரட்டும். அதுவரை செய்யக்கூடிய சின்னக் காரியங்கள் சில உண்டு. பஸ் நிறுத்தத்தைச் சந்தியின் மூக்கிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கலாம். சிக்னல் நேரத்தை வருஷத்துக்கு ஒரு தடவையாவது எண்ணித் திருத்தலாம். நடப்பவர்கள் சமதரையிலேயே கடக்கும்படி நடுவில் ஒதுங்கி நிற்க இடம் விட்டு, பாதி பாதியாகப் பச்சை விளக்குத் தரலாம். உள் தெருக்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், உப்பு வாங்கப் போகிறவரும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏற வேண்டியதில்லை. இவை எதற்கும் திறப்பு விழாக் கல்வெட்டு வைக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை.

அடுத்த தடவை உங்கள் ஊர்ச் சந்தியில் கையில் காகிதத்தோடு நின்று வண்டிகளை எண்ணுகிற உத்தியோகஸ்தரைப் பார்த்தால், தயவுசெய்து நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்: "ஸார், நானும் ஒரு ஆள். என்னையும் எழுதிக்கொள்ளுங்கள்!"